சிவில் டிப்ளமோ: பாலக்கோட்டிலிருந்து கேட்ட அப்பாவுக்கு

பத்தாம் வகுப்பு முடித்த மகளை டிப்ளமோ சிவிலில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. கூடவே ஒரு சந்தேகம்: "ஓசூர்–தருமபுரி நாலு வழிச்சாலை நம்ம பக்கமாவே வந்துடுச்சு. இனிமே போடறதுக்கு ரோடு எங்க இருக்கு?"

சேர்க்கலாம். உங்கள் சந்தேகமும் பாதி நியாயம்தான். 2014-ல் 91,287 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகள் இப்போது 1.46 லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2017 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்த பாரத்மாலா என்ற மத்திய அரசு நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் கட்டம் மட்டுமே 34,800 கிலோமீட்டர், 5.35 லட்சம் கோடி ரூபாய். இந்த வேகம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிப் படிக்க வைக்காதீர்கள்.

ஆனால் போட்ட சாலையைக் காப்பாற்ற ஆள் வேண்டுமே! இப்போது பல சாலைகள் 'ஹாம்' முறையில் வருகின்றன. கட்டும்போது திட்டச் செலவில் 40 சதவீதத்தை அரசு கொடுக்கும். மீதியைக் கம்பெனி புரட்டிப் போட வேண்டும். அதை அரசு சுமார் 15 ஆண்டுகளில் தவணையாகத் திருப்பித் தரும். அதுவரை பராமரிப்பும் கம்பெனி தலையில்தான். அதனால் தரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. உங்கள் மகள் குறிவைக்க வேண்டிய இடம், சைட்டில் தரத்தைச் சோதிக்கிற லேப்தான்.

அங்கே என்ன வேலை? ரோலர் ஓடி முடித்த மண்ணில் ஒரு சின்னக் குழி தோண்டுவார்கள். எடுத்த மண்ணைச் சிந்தாமல் எடை போடுவார்கள். அடர்த்தி தெரிந்த மணலைக் குழியில் கொட்டி அதன் கொள்ளளவைக் கண்டுபிடிப்பார்கள். ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சப்கிரேடு என்கிற அடித்தளத்துக்கு, அந்த மண் லேப் சோதனையில் காட்டும் அதிகபட்ச அடர்த்தியில் 97 சதவீதம் வேண்டும். 94 வந்தால் திரும்ப ரோலர் ஓட்ட வேண்டும். டீசல் செலவு, ஒரு நாள் நஷ்டம். "97-ன்னு எழுதிக்கோம்மா" என்று சைட் சூப்பர்வைசர் வந்து நிற்பார். தாளில் கையெழுத்து யாருடையது என்பதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இன்னொரு வேலை சாலைப் பாதுகாப்புத் தணிக்கை. தொப்பூர் கணவாய் இறக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவு, சரிவு, லாரியின் வேகம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து எங்கே ஆபத்து என்று சொல்கிறவர்கள் தேவைப்படுகிறார்கள். அதற்கு பி.இ. முடித்து, போக்குவரத்துப் பொறியியலில் மேற்படிப்பும் வேண்டும், திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால் கதவு மூடிவிடாது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் சைட் வேலை அந்த பேக்கேஜ், அதாவது கம்பெனி ஒப்பந்தம் எடுத்த சாலைப் பகுதி, முடியும்வரைதான். அப்புறம் ஒடிசாவோ மகாராஷ்டிராவோ, அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும். பெண் பிள்ளை என்பதால் தயங்குவீர்கள், தங்குமிடம், பி.எஃப்., சம்பளத் தேதி மூன்றையும் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். அரசு வேலைதான் வேண்டுமென்றால், டிப்ளமோவுக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் நெடுஞ்சாலைத் துறையில் இளநிலை வரைதொழில் அலுவலர் பணி உண்டு. பி.இ. முடித்தால் உதவிப் பொறியாளர் தேர்வு. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் துணை மேலாளர் பணிக்கு, பி.இ. முடித்தவர்கள் எழுதும் 'கேட்' (GATE) தேர்வு மதிப்பெண் பார்த்து ஆள் எடுத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் போட்டி கடுமை. அதை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

'ஆறு மாச ஹைவே கோர்ஸ், நூறு சதவீதம் வேலை' என்று நோட்டீஸ் வந்தால் பணம் கட்டவே வேண்டாம். நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியும், வரைபடம் போடும் ஆட்டோகேடு மென்பொருளும் கைக்கு வந்தால் போதும், இரண்டையும் டிப்ளமோவிலேயே கற்றுக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் கடகத்தூர் அரசு பாலிடெக்னிக்கை முதலில் போடுங்கள். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்; சேர்ந்த உடனே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.