மகனுக்கு விளையாட்டு அடுக்களை வாங்கலாமா?

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறேன். மூன்றரை வயதில் ஒரு மகனும் பத்து மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் பார்த்த விளையாட்டு அடுக்களை வேண்டும் என்று மகன் தினமும் அழுகிறான். பொத்தானை அழுத்தினால் அடுப்பில் விளக்கு எரியும், எண்ணெய் பொரிவது போலச் சத்தம் வரும். விலை 6,500 ரூபாய். "ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுப்பும் சட்டியும் எதுக்கு? மட்டையும் பந்தும் வாங்கிக் கொடு" என்கிறார் மாமனார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவர், "அங்கே நானே சமைத்துத்தான் சாப்பிடுகிறேன், உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டார். வாங்கினால் பயன் உண்டா?
- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சமையல் விளையாட்டு உங்கள் மகனுக்கு அவசியம் வேண்டும்; கடையில் பார்த்த அந்த அடுக்களை வேண்டாம்.

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளின் உலகமே பாவனை விளையாட்டுதான். ஒரு பொருளை இன்னொன்றாகக் கொள்ளும் இந்தத் திறனை, இரண்டு முதல் ஏழு வயது வரையிலான வளர்ச்சியின் முக்கியமான அடையாளமாகச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கருதினார். உங்கள் மகன் சிரட்டையில் மண்ணை நிரப்பி, "புட்டு வெந்தாச்சு, பாட்டாவுக்கு ஒண்ணு, அம்மைக்கு ஒண்ணு" என்று பங்கு வைக்கும்போது, மாவு விரவுவது முதல் விளம்புவது வரையுள்ள வரிசையை நினைவில் கொண்டுவருகிறான், ஆட்களை எண்ணுகிறான், தனக்கு முன்பாகப் பிறருக்குப் பசிக்கும் என்பதை நடித்துப் பார்க்கிறான், பெரியவர்களிடம் கேட்ட பேச்சைத் தன் வாயால் சொல்லிப் பழகுகிறான். இத்தனையும் அவன் மனத்துக்குள் நடக்கின்றன. பொம்மை அதற்குத் துணை மட்டுமே.

இதனால்தான் விளக்கும் சத்தமும் உள்ள அடுக்களையில் எனக்கு நாட்டமில்லை. ஒன்றரை, இரண்டு வயதில் பொம்மைச் சட்டி அசல் சட்டியைப் போலவே இருந்தால்தான் குழந்தைக்கு விளையாட வரும். மூன்றரை வயதில் இலையைத் தோசையாகவும் குச்சியைக் கரண்டியாகவும் கொள்ள அவனால் முடியும். எண்ணெய் பொரியும் சத்தத்தைத் தன் நாவாலேயே எழுப்பத் தெரிந்த பிள்ளைக்கு அதைப் பொத்தானில் வைத்துக் கொடுத்தால், அவன் செய்யவேண்டிய வேலையை இயந்திரம் செய்துவிடுகிறது. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் பீட்சாத் துண்டும் பர்கரும்தான் இருக்கின்றன. அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆப்பமும் பார்த்து வளரும் பிள்ளை, தன் வீட்டில் நடப்பதையே நடித்துப் பார்க்க விரும்புவான்.

ஆகவே மரத்திலோ எவர்சில்வரிலோ செய்த சாதாரணச் சொப்புச் சாமான் ஒரு செட் வாங்குங்கள். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ போகும்போது அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அடுப்புக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வட்டங்கள் வரைந்தால் போதும். பழைய புட்டுக்குழல், சிரட்டை அகப்பை, கைப்பிடி போன தூக்குவாளி ஆகியவற்றையும் அவன் பங்காக ஒதுக்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பயன் உங்கள் உண்மையான அடுக்களையில் இருக்கிறது. 1939-இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி, சிறு பிள்ளைகளுக்குப் பாவனை வேலையைவிட உண்மையான வீட்டு வேலையே மேல் என்று வலியுறுத்தினார். பாவனை விளையாட்டை அவர் அளவுக்கு நான் ஒதுக்கமாட்டேன்; ஆனால் முருங்கைக்கீரை உருவவும், உள்ளி உரிக்கவும், புட்டுமாவில் தண்ணீர் தெளிக்கவும் மூன்றரை வயதுப் பிள்ளையால் முடியும். சிந்தும், நேரமும் கூடும். வாரத்தில் இரண்டு நாளாவது அதற்கு இடம் கொடுங்கள்.

இனி உங்கள் மாமனார் சொன்னதைப் பற்றி. பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பருவங்கள் பத்தில் சிற்றில் ஒன்று: சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாட, ஆண் குழந்தை அதைக் காலால் சிதைக்க வருவான், வேண்டாம் என்று அவர்கள் கெஞ்சுவார்கள். சமையலும் வீடும் பெண் பிள்ளைக்கு, அதைக் கலைக்கும் குறும்பு ஆண் பிள்ளைக்கு என்ற பங்கீடு அவ்வளவு பழையது. அதற்காக உங்கள் மாமனாரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் உண்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்திகளில் அவியலும் எரிசேரியும் பிரதமனும் சமைத்தவர்கள் தவசிப்பிள்ளைகள் என்னும் சமையற்காரர்கள், ஆண்கள். அவருடைய மகனும் மஸ்கட்டில் தன் கையால் பொங்கித்தான் உண்கிறார். வேலைக்காக ஊர்விட்டுப் போகும் ஆண்கள் நிறைந்த நம் மாவட்டத்தில், சோறு பொங்கத் தெரிவது ஓர் ஆண் பிள்ளைக்குக் கட்டாயத் தேவை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அதை உங்கள் வாயால் சொல்லி வாதாடுவதைவிட, உங்கள் கணவர் தொலைபேசியில் தன் தகப்பனாரிடம் சொல்வது நல்லது. "உன் விருப்பம்" என்று அவர் ஒதுங்கிக்கொள்வது போதாது. மாமாவுக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்து வைக்கவேண்டாம். மட்டையும் பந்தும் வேண்டும் என்பதில் அவர் சொல்வது சரி, அவற்றையும் வாங்குங்கள். பேரன் கொண்டுவந்து நீட்டும் கட்டஞ்சாயாவை எந்தப் பாட்டாவும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

பத்து மாதக் குழந்தை வீட்டில் இருப்பதால் பாதுகாப்பில் கூடுதல் கவனம் தேவை. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு விலக்கு உண்டு என்பதால், திருவிழாக் கடையில் வாங்குவதை நீங்களே தடவிப் பார்த்து, சாயம் ஈரத்துணியில் ஒட்டுகிறதா, சிலாம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதியுங்கள். சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பதே சோதனைக்கூடங்களின் அளவுகோல். அந்த அளவிலுள்ள சொப்புகளை ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு, மகள் உறங்கும் நேரத்தில் மட்டும் மகனிடம் கொடுங்கள். சத்தமெழுப்பும் பொம்மைகள் சிலவற்றில் சட்டைப் பொத்தான் போன்ற சிறிய வட்டப் பேட்டரி இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். உறவினர் யாராவது அத்தகைய பொம்மையைப் பரிசாகத் தந்தால், பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விளையாட்டு அடுப்பை உங்கள் அடுக்களையில் வைக்கவேண்டாம். திண்ணையிலோ முன்னறையிலோ வையுங்கள். பொய் அடுப்பின் குமிழைத் திருகிப் பழகிய கை கேஸ் அடுப்பின் குமிழையும் தேடும். ஆகவே சொப்பைக் கையில் கொடுக்கும் நாளிலேயே அடுப்பையும் சிலிண்டரையும் காட்டி, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடும் வழக்கத்தை நீங்களும் விடாமல் கடைப்பிடியுங்கள்.