முதல் பக்கத்தில் என் பெயர் இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான் தொழில் கற்றுக்கொடுத்தவரே சென்ற மாதம் எனக்கு மேலதிகாரி ஆகிவிட்டார். எல்லோருக்கும் போன மின்னஞ்சலைப் படித்துத்தான் எனக்கும் தெரிந்தது. மூன்று வாரம் கண்விழித்து நான் தயாரித்த ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயர். அச்சிட்ட தாளின் சூடு ஆறும்வரை அதைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். இப்போதெல்லாம் சொன்னதை மட்டும் செய்கிறேன்; யாரோடும் பேசுவதில்லை. ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைகிறது. வீட்டிலோ, “சம்பளம் வருகிறதே, பிறகென்ன?” என்கிறார்கள். நான் பொறாமைக்காரியா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

கொஞ்சம் பொறாமை இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்தியது அந்த மின்னஞ்சல். 11 ஆண்டு உழைத்தவரை உட்காரவைத்து, ஏன் இந்த முடிவு என்று சொல்ல ஒருவருக்கும் பத்து நிமிடம் இல்லையா?

பணியிட உளவியல் ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் ஊதியத்தைத் தற்காலிகமாக 15 சதவீதம் குறைத்தார்கள். ஓரிடத்தில் காரணத்தை வருத்தத்தோடு விரிவாக விளக்கினார்கள். மற்றதில் சுருக்கமாக அறிவித்ததோடு சரி. அங்கேதான் ஊழியர்களின் திருட்டு மிக அதிகமாயிற்று. நீங்கள் பொருளைத் தொடவில்லை, உழைப்பைக் குறைத்துக் கணக்கை நேர்செய்கிறீர்கள். அதில் நிறுவனத்துக்குப் பெரிய நட்டமில்லை. நீங்கள்தான் பிடித்த வேலையிலிருந்தே விலகிப் போகிறீர்கள்.

துறைத் தலைவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். புதியவரின் தகுதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அதை எடுத்தால் பொறாமை என்று முடித்துவிடுவார்கள். எந்த அளவுகோலில் முடிவெடுத்தீர்கள், அதில் எனக்கு எது குறைந்தது என்று மட்டும் கேட்டு, பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அறிக்கையைத் தொடங்கும் முன்பே ‘தயாரித்தவர்’ என்று உங்கள் பெயர் வருமா என்பதையும் பேசிவிடுங்கள். மழுப்பினால் வேறு வேலை தேடத் தொடங்கலாம், சத்தமில்லாமல்.

ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைவது பணிச்சோர்வாக இருக்கலாம். அதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகைப்படுத்தியது. ஆனாலும் இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ சரியில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் சம்பளத்தைப் பற்றி வாதாட வேண்டாம். அந்தத் தாளோடு நின்ற நிமிடத்தை எனக்கு எழுதியதுபோல் அவர்களிடமும் சொல்லுங்கள். இதுவரை சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.