கேட்டதற்கு மட்டும் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் நகராட்சிக் குப்பைக் கிடங்கு போன மாதம் மூன்று நாள் விடாமல் எரிந்தது. பக்கத்திலேயே அரசுப் பள்ளி. என் மகள் அங்கேதான் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் இதைப் பற்றிச் சபையில் பேசிய வீடியோ வாட்ஸப்பில் வந்தது. "குப்பைக் கிடங்கை வேறு இடத்துக்கு மாற்ற அரசு ஆவன செய்யுமா?" என்று கேட்டார். "உறுப்பினரின் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்றார் அமைச்சர். இவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை.

இதற்குத்தானா ஓட்டுப் போட்டோம்? சபையில் கேள்வி கேட்டு எங்காவது ஏதாவது நடந்திருக்கிறதா? கோர்ட்டுக்குப் போனால்தான் வேலை நடக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடவே மனமில்லை. குப்பைப் பிரச்சினையைப் பற்றித் தமிழில் நல்ல நூல் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
(பெயர், ஊர், கட்சி விவரங்களை நீக்கியிருக்கிறேன்)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மகளை நெஞ்சு நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கஷாயம் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குப்பை மேடு எரியும்போது பிளாஸ்டிக்கும் ரப்பரும் பி.வி.சி.யும் சேர்ந்தேதான் எரிகின்றன. அந்தப் புகையில் நுண்துகள் உண்டு, டையாக்சின் என்ற நச்சும் உண்டு. தீப்பிடித்த தேதியை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஓட்டைப் போடுங்கள். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. நூல் இப்போதைக்கு வேண்டாம். கோர்ட்டுக்குப் போவதில் தப்பில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டியபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத்தான் கேரளம் லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. ஆனால் "கேள்வி கேட்டு என்ன நடந்தது" என்கிறீர்களே, அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா ஒரு சிறிய நகராட்சியில் எழுத்தர். "எல்.ஏ.க்யூ. வந்திருக்கு" என்றால் அன்று அவர் வீடு திரும்ப ராத்திரி ஆகும். சட்டமன்றக் கேள்வியைத்தான் அலுவலகங்களில் அப்படிச் சொல்வார்கள். கேள்வி சென்னையில் கிளம்பி, இயக்குநரகம் வழியாக ஆணையரிடம் வந்து, கடைசியில் அப்பாவின் மேஜைக்கு வரும். மறுநாள் காலைக்குள் பதில் போக வேண்டும். மற்ற மனுக்கள் மாதக்கணக்கில் தூங்கும் அதே அலுவலகம் அந்த ஒரு தாளுக்காக மட்டும் விழித்திருக்கும். கேள்வியால் எதுவும் நடக்காது என்று நீங்கள் சொல்லும்போது, விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்த அந்த ஆட்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் எந்தக் கலெக்டருக்கும் அவ்வளவு பயந்ததில்லை.

பதில் எழுத அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்த விதி ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில். ஒருமுறை, உரக்கிடங்கு ஊருக்கு வெளியே இருக்கிறதா என்று கேள்வி வந்தது. (குப்பை கொட்டுகிற இடத்துக்கு நகராட்சிக் கணக்கில் அப்போது அதுதான் பெயர்.) "ஆம்" என்று அப்பா எழுதினார். பொய் இல்லை, ஊருக்கு வெளியேதான் இருந்தது. அதற்குக் கீழே ஓடைக்கரையில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பும் இருந்தது. அவர்கள் கிணற்றுத் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த விவரமும் அதே அலுவலகத்துக் கோப்பில் இருந்தது. கேட்கவில்லை, எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கிணத்தைப் பத்தி ஒரு வரி கேட்டிருந்தா எழுதியிருப்பேம்மா."

இது சின்ன ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். நாட்டின் உச்சபட்ச சபையிலும் இதுதான் நடந்தது.

2021 பிப்ரவரியில் மக்களவையில் அரசு எழுத்துமூலம் ஒரு பதில் கொடுத்தது. 2020 டிசம்பர் வரையான ஐந்து ஆண்டுகளில் சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் 52 பேர். அதற்கு அடுத்து நம் தமிழ்நாடு, 43 பேர். அதே ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கேயும் எல். ஹனுமந்தையாவும் கையால் மலம் அள்ளும் வேலையில் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டார்கள். அப்படி எந்த மரணமும் பதிவாகவில்லை என்றார் இணையமைச்சர் ராம்தாஸ் அதாவலே. துறையும் அதே சமூகநீதித் துறைதான். ஆறு மாதத்துக்குள் 340 பேரும் காணாமல் போய்விட்டார்கள்.

எப்படி? 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தனியாகவும், பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் இறக்குவதைத் தனியாகவும் வகைப்படுத்துகிறது. இரண்டையும் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் கேள்வி முதல் வகையைச் சொல்லிக் கேட்டது. மரணங்கள் இரண்டாவது வகையின் கணக்கில் கிடந்தன. கேட்டவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று அமைச்சகத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தவர்களை இப்படி எண்ணிக்கையிலிருந்து நீக்கியதை என்னால் மன்னிக்கவே முடியாது. அப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மரணமே இல்லை என்கிற அரசிடம் போய் அந்தப் பணத்தை அவர் மனைவி எப்படிக் கேட்பாள்?

கார்கே நேற்று வந்தவர் இல்லை. அரை நூற்றாண்டு சபை அனுபவம் உள்ளவருக்கே இப்படித்தான் பதில் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், சபையில் எழுந்து நிற்பதற்கு முன்பே உறுப்பினரின் வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் கேள்வியைக் குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். அந்த அவகாசம் அரசுக்குத் தகவல் திரட்ட மட்டும் இல்லை. கேட்பவரும் துணைக் கேள்விக்கு, அதாவது பதிலைக் கேட்டபின் சபையிலேயே கேட்கிற அடுத்த கேள்விக்கு, தயாராக வேண்டிய காலம் அது. "வேறு பெயரில் கணக்கு வைத்திருக்கிறீர்களா, அதையும் சொல்லுங்கள்" என்று எழுத்திலேயே சேர்த்துவிட்டால் "ஆம்", "இல்லை" என்று ஒதுங்க வழியில்லை.

இப்போது உங்கள் உறுப்பினரின் கேள்வியைப் பாருங்கள். "ஆவன செய்யுமா?" இதற்குப் "பரிசீலிக்கப்படும்" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? கிடங்கில் எத்தனை டன் பழைய குப்பை இருக்கிறது, பயோமைனிங்குக்கு (பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரிக்கிற வேலைக்கு) ஒப்பந்தம் எந்தத் தேதியில் விட்டார்கள், இதுவரை எத்தனை டன் பிரித்தார்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் விட்டாயிற்று என்பது பதிலே ஆகாது. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கிலும் ஒப்பந்தம் இருந்தது. 2023 மார்ச் 2-ஆம் தேதி பிடித்த தீயை அணைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அப்புறம், தீ எரிந்த மூன்று நாளும் பள்ளியில் காற்றை யாராவது அளந்தார்களா? அளந்தால் எவ்வளவு? இல்லையென்றால் ஏன்? அந்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூச்சுத்திணறலோடு எத்தனை குழந்தைகள் வந்தார்கள்? மகளின் மருத்துவச் சீட்டில் தேதி வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. கடிதம் முழுவதும் அவரைத் திட்டியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு தாளாவது எழுதிக் கொடுத்தீர்களா? பள்ளிக்கும் கிடங்குக்கும் எத்தனை மீட்டர் என்று சொன்னீர்களா? அது உங்களுக்குத்தான் தெரியும், சென்னையில் இருக்கிற அவருடைய உதவியாளருக்குத் தெரியாது. வீடியோவை எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ தெரியாது. அதில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு தொகுதி அலுவலகத்துக்குப் போயிருக்கலாம்.

இலங்கையில் நடந்ததை நீங்கள் எடுத்துக்காட்டியிருந்தால் நான் கொஞ்ச நேரம் பேச்சற்றுப் போயிருப்பேன். கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் 2.3 கோடி டன் குப்பை அழுகிக் கிடக்கிறது, மக்கள் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் எச்சரித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அங்கே இருந்த மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் செத்தார்கள். உங்கள் கோபத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பேச்சு அவைக் குறிப்பில் இருப்பதால், எங்களுக்குத் தெரியாது என்று எந்த அமைச்சரும் சொல்ல முடியாது. செத்தவர்களின் வீட்டார் கையில் மிச்சம் இருந்தது அதுதான்.

சரி, "பரிசீலிக்கப்படும்" என்ற வார்த்தைக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேட்டு வீடியோவை மூடிவிட்டீர்கள். மக்களவையில் அப்படி ஓர் அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று இருக்கும் குழு கேட்கும். நம் சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்குப் போய், சொன்ன வேலை நடந்ததா என்று பார்க்கிற குழு அது. மனுக்கள் குழு என்று இன்னொன்றும் உண்டு; பொதுமக்கள் நேரடியாகவே மனுக் கொடுக்கலாம். உங்கள் அமைச்சர் சொன்ன தேதி, சொன்ன வாசகம் இரண்டையும் அவைக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதுங்கள். அந்த வாசகம் உறுதிமொழிப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று உறுப்பினரிடம் கேளுங்கள். ஏறவில்லை என்றால் ஏன் என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன கேள்விகளை உங்கள் ஊருக்கு ஏற்றபடி திருத்தி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கிடங்குக்குப் பக்கத்தில் கிணறோ ஆழ்துளையோ இருந்தால் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கட்டாயம் சேருங்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்றும் எழுதுங்கள்.