பல் அச்சுக்கு எதுக்கு சிடி ஸ்கேன்?

கேள்வி: பாறசாலைல பல்லுக்கு கேப் போட அளவு எடுத்தாவ டாக்டர். அந்த அச்சை லேப்ல சிடி ஸ்கேன் பண்ணுவோம்னு மலையாளத்துல சொன்னாவ. எனக்கு கதிர்வீச்சு ஏதும் வருமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: வராதுக்கா, ஸ்கேன் ஆகுறது அச்சுதான், நீங்க இல்ல. லைட் அடிச்சுப் பாக்குற ஸ்கேனருக்கு அச்சோட ஆழமான குறுகலான குழி சரியா தெரியாது, சிடில வர்ற எக்ஸ்ரே ஊடுருவிப் போறதால அதையும் புடிச்சிரும், பிளாஸ்டர் ஊத்தி மாடல் பண்ற வேலையும் மிச்சம். அப்புறம் கம்ப்யூட்டர்ல கேப்பை டிசைன் பண்ணி சிர்கோனியாங்கிற பீங்கான் மாதிரி கட்டியில கடைஞ்சு எடுப்பாங்க, அதுவும் வேணும்னே கால்வாசி பெருசா, ஏன்னா சுமார் 1500 டிகிரி சூளைல வெந்தா சுருங்கும் (நம்மூரு செங்கல் சூளை கதைதான்).

நேரா வாயையே சிடி எடுத்து கேப் செஞ்சா என்னன்னு கேப்பீங்க. உலோகம் அடைச்ச பல் இருந்தா படத்துல கோடு கோடா விழும், ஓரம் மங்கிரும், கேப்புக்கு உயிரே அந்த ஓரம்தான். இம்ப்ளான்ட்னா (தாடை எலும்புல திருகு வச்சு பல்லு கட்டுறது) வேற, அதுக்கு எலும்பு பாக்க வாயைத்தான் சிடி எடுக்கணும், கர்ப்பமா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க.