போடி: ஏலக்காய் ஊர் அல்ல, தங்க ஊர்

செல்வி, தேனி: அமெரிக்காவில் ஆள் இல்லாமல் கிடக்கும் கலிபோர்னியா போடிக்கும் எங்கள் போடிக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. 1859-இல் அங்கே தங்கம் கண்டவரின் பெயர் அது. எழுத்துக்கூட்டல் மட்டும் பின்னால் மாறியது. பாவம், அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் செத்தார்.

முரளி, திருச்சி: ஊர் எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது?

பதினேழு வருடம் யாரும் சீந்தவில்லை. 1876-இல் ஸ்டாண்டர்ட் என்ற சுரங்கக் கம்பெனிக்கு நல்ல தாது கிடைத்ததும் கூட்டம் குவிந்தது. 1880 வாக்கில் ஏழெட்டாயிரம் பேர். எட்டாயிரம் அடிக்கு மேல் மொட்டை மலை. அடுப்புக்கு விறகும் சுரங்கத்துக்கு முட்டு மரமும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதற்காகவே மோனோ ஏரிக்குத் தெற்கே இருந்த காட்டிலிருந்து 1881-இல் ரயில் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ரயில் வந்த நேரத்தில் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தங்கம் அடியோடு தீரவில்லை, தோண்டும் செலவுக்குக் கட்டவில்லை. 1890-களில் சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரிக்கும் முறை வந்து, கழித்துக் கொட்டிய மண்ணிலிருந்தே மறுபடி தங்கம் எடுத்தார்கள். தாது அரைக்கும் ஆலைக்கு 13 மைல் தள்ளியிருந்து மின்சாரமும் வந்தது. ஆனாலும் 1913-இல் ஸ்டாண்டர்ட் மூடியது.

பானு, சேலம்: பேய் உண்டா?

இல்லை.

ராஜன், மதுரை: 1932 தீயை விட்டுவிட்டீர்களே! அதுதானே ஊரை முடித்தது?

தீப்பெட்டியோடு விளையாடிய சின்னப் பையன் வைத்த தீ என்பார்கள். ஊரில் பெரும்பகுதி போனது உண்மை. ஆனால் ஊர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, ரயிலை 1917-இலேயே கைவிட்டுவிட்டார்கள்.

ராஜன் (மறுபடியும்): அப்படியே பிழைத்திருந்தால்? கட்டடம் இருந்தால் ஆள் திரும்பியிருப்பான்.

எதற்குத் திரும்ப? 1920 கணக்கெடுப்பில் 120 பேர். எரிந்ததில் பாதி காலி வீடு என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். 1942-இல் போர்க்கால உத்தரவு தங்கச் சுரங்கங்களை மூடியது, தபால் நிலையமும் அந்த வருடமே மூடியது. ஊரை முடித்தது அது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கீதா, சென்னை: சாபம் உண்டாமே?

பேய்க்குச் சொன்ன பதில்தான். அங்கிருந்து எதையாவது எடுத்துப்போனவர்கள் பயந்துபோய், மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்காதீர்கள். சாபம் இருக்கட்டும், அது குற்றம்.

அருள், நெல்லை: இப்போது என்ன இருக்கிறது?

சுமார் நூறு கட்டடங்கள். 1962 முதல் மாநிலப் பூங்கா. விழாமல் முட்டுக் கொடுப்பார்கள், புதுசாக்க மாட்டார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கடை அலமாரியில் சரக்கு அப்படியே, மேலே தூசி. கடைசி மூன்று மைல் மண் ரோடு.

மணி, வேலூர்: ராத்திரி தங்கினால் பேய்...

தங்க விடமாட்டார்கள். ஆணி எடுக்காதீர்கள்.