எலி அறையில் விளக்கு எப்போது அணைகிறது? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் மருந்தியல் ஆய்வுக்கூடத்தைப் பல வருடமாகப் பார்த்துவருபவர் பதில் சொல்கிறார்.

சார், ஒரே மருந்து, ஒரே அளவு. காலையில் ஊசி போட்ட எலிகள் தூங்கிய நேரம் வேறு, இரவில் போட்டவை தூங்கிய நேரம் வேறு. என் கைதான் சரியில்லையா? (எம்.பார்ம் மாணவி, பெருமாள்புரம்)

கையைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. எலி ராத்திரி நடமாடும் பிராணி, நமக்கு விடிந்தால் அதற்குப் படுக்கை நேரம். மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளும் அந்தக் கணக்கில்தான் ஏறி இறங்குகின்றன. ஹெக்சோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து கொடுத்த எலி வெளிச்ச நேரத்தில் நெடுநேரம் தூங்கும், இருட்டு நேரத்தில் சீக்கிரம் எழுந்துவிடும். விளக்கு எரிந்து எத்தனையாவது மணியில் ஊசி போட்டீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எல்லா எலிக்கும் அதே மணியில் போடுங்கள்.

அண்ணாச்சி, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று டைமர் வைத்திருக்கிறோம். போதாதா? (ஆய்வுக்கூட உதவியாளர், மேலப்பாளையம்)

போதாது தம்பி. எங்கள் பழைய டைமர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். ஒரு கோடையில் தினமும் கரண்ட் கட். காலை ஆறுக்கு எரிய வேண்டிய விளக்கு, எட்டரைக்கு நான் கதவைத் திறந்தபோதும் எரியவில்லை. அந்த வாரக் கணக்கு முழுவதையும் தள்ளினோம். அத்தனை உயிர்கள் வீணாகப் போனது இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்று, ராத்திரி உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். கண் பழகியதும் கதவடியில் வராந்தா டியூப்லைட் ஒரு கோடாகத் தெரியும், ஏசியின் பச்சைப் புள்ளியும் தெரியும். சின்ன வெளிச்சம்தானே என்று விடாதீர்கள். அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மனித மார்பகப் புற்றுக்கட்டி வைத்த எலிகளுக்கு இரவில் 0.2 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் மட்டும் விட்டார்கள். பௌர்ணமி நிலா அளவுதான். இருட்டில் உடம்பில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் அடங்கி, தமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்று மருந்து கட்டியிடம் எடுபடாமல் போனது. இரவில் மெலடோனின் கொடுத்ததும் மருந்து மறுபடி வேலை செய்தது.

அந்தத் தமாக்சிஃபென் மாத்திரையை என் அக்கா சாப்பிடுகிறாள். என்ன செய்ய? (நர்ஸ், அம்பாசமுத்திரம்)

மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், மெலடோனினைத் தானாக வாங்கிச் சேர்க்கவும் வேண்டாம். இது எலியில் பார்த்தது. படுக்கும் அறையை இருட்டாக்குவதில் கெடுதல் ஒன்றும் இல்லை, மற்றதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

இருட்டு நேரத்தில் வேலை பார்க்கச் சிவப்பு பல்பு போட்டால் எலிக்குத் தெரியாதாமே? (மேலப்பாளையம் தம்பியே மறுபடியும்)

மங்கலாகத் தெரியும். மங்கலான பல்பாகப் போட்டு, வேலையை முடித்ததும் அணைத்துவிடுங்கள். அப்புறம், மேல் தட்டுக் கூண்டுகளை வாராவாரம் கீழே மாற்றுங்கள். ஆய்வுக்கூட வெள்ளை எலியின் கண்ணில் நிறமி இல்லை, விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தால் விழித்திரை கெட்டுப்போகும்.