என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஹெலிகாப்டர் பயிற்சிக்கு என் மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே பள்ளியின் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் ஒன்று சென்ற மாதம் பயிற்சியின்போது என்ஜின் சக்தியை இழந்து வயலில் இறங்கிக் கவிழ்ந்தது. இருவரும் சிறு காயங்களோடு தப்பினர். மகனை அனுப்பலாமா? முகவரோ இந்த வாரமே முழுத் தொகையையும் கட்டச் சொல்கிறார்.

பதில்: என்ஜின் நின்றதும் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுவதில்லை. பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு குழந்தை ஓடினால், மோட்டார் எதுவும் இல்லாமலேயே அது சுழல்கிறதல்லவா? அதுபோலவே, விமானி இடக்கை நெம்புகோலை உடனே முழுவதும் தாழ்த்தினால், கீழிருந்து மேலேறும் காற்று இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தரையை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, மிச்சமுள்ள சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறங்கிவிடலாம். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். உங்கள் மகன் இதைப் பலமுறை செய்து பழகுவார்.

சிக்கல் அந்த 'உடனே' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஆர்22 இருவர் மட்டும் அமரும் மிக இலகுவான வண்டி. அதன் இறக்கைகளும் இலகுவானவை என்பதால் சுழற்சி விரைவில் தளர்ந்துவிடும். இயல்பான அளவில் 97 சதவீதத்துக்கு இறங்கும்போதே எச்சரிக்கை ஒலிக்கும். ஏறத்தாழ 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மீட்க வழியில்லை. இரண்டுக்கும் இடையே ஓரிரு நொடிகளே கிடைக்கும். அதனால்தான் அமெரிக்க விமானத்துறை 1995-இல் தனி விதி வகுத்து, இந்த வண்டியில் மாணவர் தனியே பறக்குமுன் பயிற்சியாளரோடு குறைந்தது 20 மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்றது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. காற்றாடி சுழலக் குழந்தை ஓட வேண்டும். ஹெலிகாப்டருக்கு அந்த ஓட்டம் உயரத்திலிருந்தோ முன்வேகத்திலிருந்தோ வர வேண்டும். ஐந்தாறு அடியில் மிதக்கும்போது என்ஜின் நின்றால், இறக்கையில் எஞ்சிய சுழற்சியே தரையில் இறக்கிவிடப் போதும். ஆயிரம் அடியில் வேகமாகப் பறக்கும்போது நின்றாலும் வழியுண்டு. நூறு, இருநூறு அடியில் அசையாமல் தொங்கும்போது நின்றால், எவ்வளவு திறமையான விமானிக்கும் கைகொடுக்க எதுவும் இருக்காது. புகைப்படம் எடுக்கவும் சொந்தக்காரர் வீட்டைக் காட்டவும் அந்த உயரத்தில் நிற்கும் பழக்கம் உங்கள் மகனுக்கு வந்துவிடக் கூடாது.

இனி, என்ஜின் ஏன் சக்தியை இழக்கிறது என்பது. ஆர்22-இல் இருப்பது பழைய ஸ்கூட்டரைப் போன்ற கார்புரேட்டர். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்குவதால், ஈரக்காற்றுள்ள 25 டிகிரி நாளிலும் அங்கே பனிக்கட்டி படியலாம். கவர்னர் என்னும் தானியங்கிக் கருவி, என்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தானாகவே திறந்து அந்தக் குறையை மறைத்துவிடும். ஆட்டோரொட்டேஷன் பழக த்ராட்டிலை மூடிய கணத்தில் என்ஜின் உண்மையாகவே நின்றுபோகலாம். விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் பனி உருகிவிடும். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தால், விசாரணை அறிக்கையில் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று ஒரு வரி வரலாம். இதற்கு எதற்கு ஓராண்டு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே அந்த அறிக்கைக்காகக் காத்திராமல், பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்: பயிற்சி இறக்கத்துக்கு முன், பனி படியாமல் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் வசதியை முழுவதும் திறக்கிறார்களா? மாணவருக்குச் சொல்லாமல் திடீரென்று த்ராட்டிலை மூடும் வழக்கம் உண்டா? அது உயிரைப் பறிக்கும் என்று தயாரிப்பாளரே பாதுகாப்புக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தெளிவான பதில் வந்தால் தயங்காமல் அனுப்பலாம். கவிழ்ந்த வண்டியிலிருந்து இருவரும் எழுந்து வந்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்ஜினைவிட என்னை அஞ்சவைத்தது அந்த முகவர்தான். லாஸ் வேகாஸ் அருகே தலைமையகம் கொண்டிருந்த சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் 2008 பிப்ரவரியில் திவாலாகித் திடீரென்று மூடப்பட்டபோது, ஏறத்தாழ 70,000 டாலர் கடன் வாங்கி முன்கூட்டியே கட்டியிருந்த மாணவர்கள் பலர் உரிமமும் இல்லாமல் கடனோடு நின்றார்கள். இங்குள்ள முகவர்களோ, 150 மணி நேரத்தில் வணிக உரிமம், உரிமம் வந்தால் வேலை என்கிறார்கள். 150 என்பது தேர்வுக்கான குறைந்தபட்ச அளவுதான் என்பதையும், இந்தியாவில் பறக்க இங்கே தனியாகத் தேர்வுகள் எழுத வேண்டும் என்பதையும் சொல்வதில்லை. உரிமம் இல்லாமல் ஆட்டோ ஓட்டுபவரை நிறுத்தும் அரசு, இவர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

முழுத் தொகையைக் கட்டாதீர்கள். பறந்த மணிகளுக்கேற்பத் தவணையாக, பள்ளியின் பெயரிலேயே செலுத்துங்கள். முதலில், ஆர்22-க்கு மணிக்கு எவ்வளவு, பயிற்சியாளருக்கு எவ்வளவு என்று பள்ளியிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, முகவர் கொடுத்த தாளோடு பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.